முரல்தீவின் சுல்தானும் றோசாவின் வீடும்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள றோசாவின் வீடு 2003 நவம்பருக்கும் 2005 ஏப்ரலுக்கும் இடையில் நாற்பத்தொரு விரற்கடை, அதாவது இரண்டரை அடிக்குச் சற்று மேலே, நிலத்துக்குள் இறங்கியது. காரணம் களிமண் என்று நகரசபைக்காரர் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். களிமண் பாவம், அதற்கு வாய் இல்லை. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த முரல்தீவுச் சுல்தான் அசனா மரைக்கார், தன்னிடம் வந்து கேட்ட எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் சரியென்று ஓம் சொன்னதுதான் காரணம். அவர் ஒரு ஓம் சொன்னால் அவர் இருக்கும் நிலம் ஒரு விரற்கடை இறங்கும். 1937ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிற விசயம் இது. மன்னார்க் கரையில் தொழில் செய்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொன்றியலில் ஒருவரும் கேட்கவில்லை.

முரல்தீவு மன்னாருக்கு மேற்கே, காலையில் படகு விட்டால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது. தொளாயிரம் சனம், ஒரு பள்ளிவாசல், இரண்டு நன்னீர்க் கிணறு, சுற்றிவர முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள். எதிரி என்று யாரும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தைப் பாதுகாக்கவேண்டும் என்று வெள்ளைக்கார அரசுக்குத் தோன்றியது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ஒரு சிப்பிக்காரர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அரசு எழுதிய ஒப்பந்தத்தில் இடம் இருக்கவில்லை. பெரிய சுல்தான் காய்ச்சலில் இறந்தபோது அசனா மரைக்காருக்கு வயது பதினொன்று. அவரை ஒரு கதிரையில் ஏற்றி, கால் நிலத்தில் எட்டாததால் கீழே ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்து, மூன்று வெடி தீர்த்து, சுல்தான் ஆக்கினார்கள். தீவுக்கு அனுப்பப்படும் வெள்ளைக்கார அதிகாரியான ரெசிடென்ட் துரையின் ஆலோசனையைச் சுல்தான் கேட்டுப் பெறவேண்டும், பெற்றபின் அதன்படி நடக்கவேண்டும் என்றது நான்காம் பிரிவு. நடக்காவிட்டால் என்ன என்று அதில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் துரை வந்து இறங்கிய முதற் கிழமையே தீவின் வழக்கம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

சுல்தானின் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் கேட்பதைச் சுல்தான் மறுக்கக்கூடாது என்பதே அந்த வழக்கம். கடலில் அலைந்து, வேறு வழியில்லாமல் வந்து நிற்கிறவனுக்காக எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனிதர் ஏற்படுத்தியது. வருசத்தில் இரண்டு பேர் அப்படி வருவார்கள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. துரை மாதம் தவறாமல் வந்தார். தொப்பியைக் கழற்றி வைப்பார், கொஞ்சம் தண்ணி என்று நல்ல தமிழில் கேட்பார், ஒரு மிடறு குடித்து மீதியைப் பூச்சாடியில் ஊற்றுவார், பிறகு பைலைத் திறப்பார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று தொடங்குவார். சிப்பிப் பார்களைக் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டும். பிள்ளை ஓம் என்றது. மேற்குக் கிணறு துரையின் பங்களாவுக்கு வேண்டும். ஓம். சிப்பி குளிக்கும் அறுபது குளியாட்களை மலைநாட்டு றப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பவேண்டும். ஓம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்ட சிப்பிக்காரரின் பெயரைக் குடிப் பதிவிலிருந்து எடுக்கவேண்டும். அதற்கும் ஓம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதன் ஊரைக் கேட்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? அவனுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. சுல்தானுக்கு ஒரு குஞ்சம் வைத்த குடை கொடுத்தது.

தீவு இறங்குவதை முதலில் கவனித்தவர் சுல்தானின் மனைவி செய்னம்பு. அவர் ஒரு சங்குக் குளியாளின் மகள், நீர்மட்டத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர். 1947ஆம் வருசம் மழை பொய்த்து, சனம் கிணற்றடியில் வரிசையில் நின்ற ஒரு காலையில், துரை மீதித் தண்ணீரைப் பூச்சாடியில் ஊற்றியதைப் பார்த்தார். சபையில் எல்லாரும் இருக்க, அந்தச் சாடியைத் தூக்கித் துரையின் காலடியில் போட்டு உடைத்தார். அடுத்த நாள் துரை தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்ன ஆலோசனை, இந்தப் பெண் சுல்தானுக்குத் தகுந்தவர் அல்ல, நாளைக்கே கரைக்கு அனுப்பவேண்டும் என்பது. இருபத்தொரு வயதுச் சுல்தான் ஓம் என்றார். அந்த ஒரு ஓமுக்குத் தீவு ஒரு முழம் இறங்கியது. படகில் ஏறுமுன் செய்னம்பு திரும்பி, வாயில என்ன கொழுக்கட்டையா என்று மட்டும் கேட்டார். சுல்தான் அதற்கும் ஓம் என்று தலையாட்டினார்.

1958இல் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. அப்போது தீவில் முழங்காலளவு தண்ணீர். சனம் கட்டிலுக்குக் கீழே நாலு கல் வைத்துப் படுத்தது, பூனைகள் கூரையில் குட்டி போட்டன, பள்ளிவாசலில் பலகை அடித்துத் தொழுதார்கள். துரை முழங்கால் மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீருக்குள் நின்றபடி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, கடைசிப் பத்திரத்தை நீட்டினார். தீவு நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. சுல்தான் தன் நானூற்றுப் பன்னிரண்டாவது ஓமைச் சொன்னார். அந்தப் பொய்க்கு விரற்கடைக் கணக்கு நிற்கவில்லை, துரையின் கப்பல் கண்ணுக்கு மறையுமுன் பள்ளிவாசல் மினாராவின் பிறையும் கடலுக்குள் போய்விட்டது. சனம் முன்பே படகுகளில் ஏறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இதையும் அரசாங்கத்தின் திறமை என்றே அறிக்கையில் எழுதினார்கள்.

பிறகு முப்பத்திரண்டு வருசம் சுல்தான் மன்னார்ச் சந்தையில் கருவாடு விற்றார். அந்த ஊர்ச் சனம் அவரிடம் எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டது, விலையைக்கூடக் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனது. அது ஒரு மரியாதை. 1990 ஒக்டோபரில் துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவன் சுல்தானின் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னான், உங்கட நல்லதுக்குத்தான் என்றும் சொன்னான். சுல்தான் அதற்கும் ஓம் என்று ஊரைவிட்டுப் போனார். றோசா அப்போது அதே ஊரில் இருபத்துநாலு வயதுப் பெண். சனம் மூட்டையோடு கடற்கரைக்குப் போவதை யன்னல் நீக்கலால் பார்த்தாள். யன்னலைச் சாத்து என்று அப்பா சொன்னார், ஓம் என்று சாத்தினாள். அந்த யன்னலை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையையே கடிக்கவேண்டும்போல் கோபம் வரும். மொன்றியல் வந்து, கிறிஸ்தோப்பரைக் கட்டி, ஜொய்சியைப் பெற்று, டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் காய் வெட்டிய காலத்திலும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் அவள் அதைக் காய்களிடம் மட்டுமே காட்டினாள்.

கிறிஸ்தோப்பர் 2002இல் மாரடைப்பால் இறந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய தம்பி டெனிஸ்டன், வீட்டுப் பத்திரங்கள் தன்னிடம் இருப்பது பாதுகாப்பு என்றான். லவாலில் பெரிய வீடு, மன்னார் மக்கள் ஒன்றியத்தின் தலைவர் பதவி, வாய் நிறையச் சிரிப்பு, அப்படி ஒரு ஆள். அண்ணி, உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன் என்றான். றோசா ஓம் என்று கொடுத்தாள். அன்று பின்னேரம் வாசற்படியில் ஒரு வெடிப்பு விழுந்தது, யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த வருசம் சுல்தானைக் கனடாவுக்குக் கூட்டிவந்த தங்கை மகன் அவரை விட்டுவிட்டு ரொறொன்ரோவுக்குப் போனபோது, ஒன்றியம் கூட்டம் போட்டு அவரைத் தன் பாதுகாப்பில் எடுப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு பெரிய மனிதர் இருப்பது நல்லது என்று டெனிஸ்டன் அவரைக் கொண்டுவந்து றோசாவின் கீழ்த்தளத்தில் வைத்தான். நல்லதா என்று றோசாவிடம் யாரும் கேட்கவில்லை. வந்த அன்றே சுல்தான் அவளைக் கூப்பிட்டு, தன் வருத்தத்தை மறைக்காமல் சொன்னார்.

"மகள், நான் ஓமெண்டு சொன்னா நிலம் இறங்கும். குறை நினைக்காதீங்க."

"அப்ப சொல்லாமல் இருங்கோவன் ஐயா," என்றாள் றோசா.

"ஓம் மகள்," என்றார் சுல்தான். மேலே அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கின.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். சுல்தான் வழக்கத்தை விடவில்லை, கதவைத் தட்டுகிற எவருக்கும் தன் கையால் தண்ணீர் கொடுத்தார். விசயம் எப்படியோ பரவியது. டெலிபோன் விற்க வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு மூன்று இணைப்பு எழுதினான். கர்க்லாண்டில் வீடு மாறிய ஒரு குடும்பம் பதினாலு சூட்கேசைக் கொண்டுவந்து கீழே அடுக்கிவிட்டுப் போய் வருசமாகியும் எடுக்கவில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்த ஒன்றியத்தின் இரண்டு கட்சிக்கும் அவர்தான் காப்பாளர். டெனிஸ்டன் ஒவ்வொரு விழாவுக்கும் அவருக்கு மாலை போட்டு மேடையில் இருத்தி, குஞ்சம் வைத்த குடை ஒன்று தைப்பித்துப் பின்னால் ஒருவரைப் பிடிக்கவும் வைத்தான். நகரசபை ஆள் ஏன் வீடு இறங்குகிறது என்று பார்க்க வந்து, மெர்சி என்று நன்றி சொல்லித் தண்ணீர் குடித்து, நிலத்தில் துளை போட அனுமதி கேட்டான், அதற்கும் ஒரு விரற்கடை போனது. கீழ்த்தள யன்னல் முதலில் பாதி மண்ணுக்குள் போனது, பேந்து முழுதும் போனது. சுல்தான் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருந்தார். றோசா படியிறங்கிப் போய் அவரைத் திட்டாத நாள் இல்லை. கிறிஸ்தோப்பர் இரவு வேலை, பகல் வேலை என்று உடம்பை முறித்து வாங்கிய வீடு, எனக்கும் என்ர பிள்ளைக்கும் வேற என்ன இருக்கு என்று கத்துவாள். சுல்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவள் முடித்ததும் ஓம் மகள் என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஜொய்சிக்குப் பன்னிரண்டு வயது, கணக்கில் கெட்டிக்காரி. வெளிச்சுவரில் பென்சிலால் ஒவ்வொரு நாளும் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும், அன்று சுல்தானிடம் யார் வந்தார்கள் என்பதும் எழுதிவந்தாள். 2005 பெப்ரவரியில் சுல்தானுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. ஆறு நாள் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த ஆறு நாளிலும் வீடு இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஜொய்சி மூன்று தரம் அளந்துவிட்டுத் தாயைக் கூட்டிவந்து காட்டினாள். செவ்வாய்க்கிழமை டெனிஸ்டன் வந்து, பொம்பிளையள் ஸ்னோவில ஓடக்கூடாது, உங்கட நல்லதுக்குத்தான் என்று கார்ச் சாவியைக் கேட்டான், றோசா ஓம் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை, பிள்ளையைத் தனிய விட்டுட்டு இந்த வயசில என்ன பிரெஞ்சு வகுப்பு என்றான். அந்த வகுப்பை முடித்தால் ஹோட்டலில் மேற்பார்வை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். றோசா ஓம் என்று அதையும் விட்டாள். செவ்வாய்க்கு ஒரு கோடு, வெள்ளிக்கு ஒரு கோடு.

"அம்மா, இது சுல்தான் ஐயா இல்லை. இது நீங்கள்," என்றாள் ஜொய்சி. பிறகு பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

வேறு நாளென்றால் றோசா அவளுக்கு ஒரு அடி போட்டிருப்பாள். அன்று ஸ்னோவில் நின்று அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றேகால் வருசமாக ஒரு கிழவரைத் திட்டித் தீர்த்தாயிற்று. தன் வீட்டைத் தானே இறக்கியிருக்கிறாள், சாவியைக் கையில் கொடுத்து, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்து. அவளுக்கு வந்த கோபத்தில் காலடியில் ஸ்னோ உருகியது என்று பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி சாட்சி சொல்கிறாள். இருக்கலாம்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு டெனிஸ்டன் வந்தான். கையில் ஒரு பத்திரம். இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டை இப்போதே விற்றுவிடவேண்டும், வாங்க ஆள் இருக்கிறது, றோசாவும் பிள்ளையும் லவாலில் அவன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வரலாம். றோசா பத்திரத்தைக் கையில் வாங்கவில்லை. அவள் வாங்கமாட்டாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். சுல்தானையும் மேலே கூப்பிட்டு நடுவில் இருத்தினான். மன்னார்ச் சனத்துக்கே பெரியவர், அவர் ஒரு சொல் சொன்னால் அண்ணி மீறமாட்டா என்றான். பிறகு செருமிக்கொண்டு, "சுல்தான் ஐயா, கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றான்.

சுல்தான் எழுந்து குழாயடிக்குப் போனார். அவருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், கோப்பைகள் முன்கூட்டியே கிலுங்கத் தொடங்கிவிட்டன. கிளாசை நிரப்பிக்கொண்டு அவர் திரும்பி வந்தார், டெனிஸ்டன் கையை நீட்டினான். நடுவில் றோசா புகுந்து கிளாசைப் பறித்து, ஒரே மூச்சில் அடிமட்டும் குடித்துவிட்டு, மேசையில் டொக்கென்று கவிழ்த்து வைத்தாள். வீட்டுக்கு வந்தவனின் தண்ணீரைப் பறித்துக் குடிப்பது மன்னாரில் என்ன, எந்த ஊரிலும் கேள்விப்படாத காரியம்.

"உங்கட கையால தண்ணி குடிச்சது நான்," என்றாள் றோசா சுல்தானிடம். "இப்ப நான் கேக்கிறன், நீங்கள் மறுக்க ஏலாது. இவர் கேக்கிறதுக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோ."

அறுபத்தெட்டு வருசத்தில் துரைக்கும் வராத யோசனை இது, துரைகளைக் குறை சொல்லாத சுல்தானுக்கும் வராத யோசனை. அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் போய் வந்த தடம் அங்கே இல்லை. முதலில் இருமல் வந்தது, பிறகு கட்டிய பல் கழன்று மேசையில் விழுந்தது. அதை எடுக்காமல், பொக்கை வாயோடு, நெற்றி நரம்பு புடைக்க, "ஏலாது," என்றார். வீடு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. மெதுவாகத்தான் எழும்பியது, ஆனால் டெனிஸ்டன் கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, நான் உங்கட நல்லதுக்குத்தானே..."

"என்ர நல்லது எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீர் எழும்பும்." அதுவரை அவனை நீங்கள் என்றே கூப்பிட்டுவந்தவள் அவள். "பத்திரத்தையும் கொண்டு போம்."

அவன் போனபிறகு சுல்தான் அன்று முழுவதும் அந்தச் சொல்லையே சொல்லிப் பார்த்தார். றோசா தினமும் பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் அவர் கையால் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்து, மறுக்கச் சொல்லிக் கேட்டாள். முதலில் டெலிபோன் மூன்றையும் மறுத்தார், சூட்கேஸ் பதினாலையும் கர்க்லாண்டுக்கே அனுப்பினார், இரண்டு கட்சிக் காப்பாளர் பதவியையும் எறிந்தார். சரியாக அத்தனை விரற்கடை வீடு மேலே வந்தது. பிறகு 1937க்குப் போனார். ரெசிடென்ட் துரை எப்போதோ செத்து மண்ணாகியிருந்தாலும் அது தடையாக இருக்கவில்லை. ஒரு ஆலோசனையையும் விடாமல், வந்த வரிசையிலேயே மறுத்தார். வைகாசியில் மன்னார் மீனவர்களின் வலை, முன்பு அங்கே இல்லாத ஒரு பாறையில் சிக்கிக் கிழிந்தது. ஆனியில் மினாராவின் பிறையில் நீர்க்காகம் இருந்ததைப் பலர் பார்த்தார்கள். செய்னம்புவின் முறை வந்த அன்று சுல்தான் தேத்தண்ணி குடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொன்ன ஏலாது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. பிறகு தரையில் குந்தி, ஒரு சாடியைக்கூட உடைக்கத் துப்பில்லாத நாய் நான் என்று தன்னையே கன்னத்தில் அறைந்து அழுதார். தீவு ஒரு முழம் உயர்ந்தது. செய்னம்பு 1971இலேயே புத்தளத்தில் இறந்துபோயிருந்தார், அதை உயர்த்த முடியவில்லை.

முரல்தீவு முழுதாக வெளியே வந்த மறுகிழமை ஏதோ ஒரு கடற்படை அங்கே போய், பாதுகாப்புக் காரணங்களுக்காக உள்ளே வரத் தடை என்று பலகை நட்டது. பிறகு சீராகப் பேசத் தெரிந்த ஒரு அதிகாரி மொன்றியலுக்கு டெலிபோன் எடுத்து, சுல்தானுக்கு ஒரு ஆலோசனை இருக்கிறது என்றார். சுல்தான் கேட்டு முடிக்காமலே ஏலாது என்று வைத்துவிட்டார். அன்று யாரும் அவரிடம் தண்ணீர் குடித்திருக்கவில்லை, யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. பலகை தானாகக் கழன்று கடலில் மிதந்துபோனது. தொளாயிரம் சனத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே போய் வருகிறார்கள். சுல்தானுக்கு எண்பது வயதாகப் போகிறது, அவர் போகவில்லை. கீழ்த்தள யன்னலில் வெயில் வருகிறது, அது போதும் என்கிறார்.

றோசாவின் மூன்று ஓமையும் அவளே போய் எடுக்கவேண்டியிருந்தது. ஹென்றி-பூராசா வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ் பிடித்து லவாலுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் டெனிஸ்டனின் வரவேற்பறையில் நின்று, கார்ச் சாவியையும் வீட்டுப் பத்திரங்களையும் கேட்டாள். அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றாள். அவன் பேந்து தாறன் என்றான். இப்ப என்றாள். காரை அவளே ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள், வழியில் பிரெஞ்சு வகுப்புக்கும் பெயர் பதிந்துவிட்டு வந்தாள். வாசற்படி வெடிப்பு மூடியிருந்தது. அதற்குப் பிறகு ஹோட்டலில் ஒருவன், பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, கோயில் பங்கில் இரண்டு பேர் என்று அவளிடம் ஏலாது வாங்கியவர்கள் கனபேர். 2007இல் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீடு அனுமதிக்கப்பட்ட உயரத்தைவிட ஆறு விரற்கடை கூடுதலாக இருக்கிறது, உரிமையாளர் தன் நன்மைக்காகவே இதைச் சரிசெய்யும்படி ஆலோசனை கூறப்படுகிறது என்று அதில் இருந்தது. றோசா அந்தக் கடிதத்தின் அடியில் பிரெஞ்சில் மூன்று எழுத்தில் ஏலாது என்று மறுமொழி எழுதி, முத்திரை ஒட்டி, தானே நடந்துபோய்த் தபாற்பெட்டியில் போட்டாள். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போக வெளிக்கிட்டபோது, வாசலுக்கு இன்னொரு படி கட்டவேண்டியிருந்தது.